மெக்கானிக் வந்தால் மட்டும் வரும் தண்ணீர்

மார்ச் 2, ஞாயிறு

பெயின்ட் வேலை ஒருவழியாக முடிந்தது. மூன்று வாரமாகக் கரையில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த படகு இன்று மத்தியானம் மறுபடி தண்ணீரில் இறங்கியது. இனி என் வீட்டுக்குள் போக நான் ஏணி ஏற வேண்டாம். முழங்கால் இரண்டுக்கும் இன்றுதான் விடுதலை.

நீலம் நான் தேர்ந்தெடுத்தது. அடித்தது என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் கடைகளுக்குப் போர்டு எழுதிய கை, ஒரு இடத்திலும் வழியவில்லை, திட்டுத் திட்டாக நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பட்டி பார்த்தது யார்? நான். பழைய ஆணி போன ஓட்டை, எப்போதோ விளக்கு மாட்டிய ஓட்டை என்று வலது பக்கத்தில் மட்டும் ஒன்பது. பல் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டாக்டருக்குச் சிமென்ட் குழைத்துக் கொடுத்தவள் நான். ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒன்பதையும் சுரண்டி, துடைத்து, அடைத்து, தேய்த்து முடித்தேன். விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. "இது படகும்மா, பேஷன்ட்டோட வாய் இல்ல" என்று அவர் கிண்டல் செய்தார். செய்யட்டும்.

முன்பக்கத்தில் படகின் பெயரை எழுதுவது மட்டும் பாக்கி. குடிவந்து நாலு மாதமாகிறது, இன்னும் பெயரில் ஒத்துப்போகவில்லை. அவருக்கு 'அலைராணி' வேண்டுமாம். நான் என்ன சர்க்கஸிலா குடியிருக்கிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். தொட்டி இருப்பது எங்கள் கட்டிலுக்கு அடியில். அதன் வாய் மட்டும் மேல்தளத்தில், சாவி போட்டுத் திருகுகிற ஒரு வட்ட மூடியோடு இருக்கிறது. துறையில் இருக்கும் நீளக் குழாயை அதில் செருகிவிட்டால் எப்போதும் மடமடவென்று குடிக்கும். இன்று என்னவோ கக்கிக் கக்கி என் மேலேயே துப்பியது. குளித்த பிறகு இன்னொருமுறை குளித்தேன்.

மூடிக்கு அவர் புது ரப்பர் வளையம் போட்டார். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்றார். நானும் இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினேன்.

மார்ச் 6, வியாழன்

வருகிறாள்! இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை, பத்து நாளைக்கு. மகள், மாப்பிள்ளை, உருண்டை மூன்று பேரும்.

பேத்திக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் வேறு. பிறந்தபோதே கன்னம் இரண்டும் பந்து மாதிரி இருந்ததால் மகள் உருண்டை என்கிறாள், நாங்களும் அப்படியே. பிறந்து மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் கையில் தூக்கவில்லை. பிரசவம் மகள் இருக்கிற ஊரில். அதே வாரம் இவருக்குக் கண் ஆபரேஷன். கண்ணில் கட்டோடு இருக்கிறவரைப் படகில் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? போனில் பார்த்ததுதான். போனில் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இதை மகளிடம் சொல்ல முடியுமா?

சம்பந்தி அம்மா வீடும் இந்த ஊர்தான். மூன்று பாத்ரூம். ஆனால் மகள், "முதல்ல உங்ககிட்டதாம்மா" என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சும்மா, சந்தோஷத்தில்.

மார்ச் 8, சனி

தலை முழுக்க ஷாம்பு. குழாயில் தண்ணீர் இல்லை.

இந்தப் படகில் குழாயைத் திறந்தால் கட்டிலடியில் இருக்கிற பம்ப் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். பம்ப் ஓடுகிறது. டுர்ர்ரென்று சத்தம் காதைத் துளைக்கிறது. தண்ணீர் மட்டும் நூலாகிப் போய், அப்புறம் சொட்டாகிப் போய், அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இவரைக் கூப்பிட்டேன். வந்தவர், "தொட்டி ஃபுல்லா இருக்கே" என்றார். ஃபுல்லா இருந்து என்ன பண்ண, எடுத்துத் தலையில ஊத்த ஆள் வேணாமா?

கடைசியில் குடிக்க வைத்திருந்த கேனை ஊற்றினார்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் டாக்டராகிவிட்டார். காலையிலிருந்து கட்டிலைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச்சும் கையுமாக இருக்கிறார். பம்புக்கு வருகிற மின்சார ஒயரைப் பார்த்தார், சரியாக இருந்தது. பம்புக்கு முன்னால் கண்ணாடிக் குப்பி மாதிரி ஒரு வடிகட்டி உண்டு, அதைக் கழற்றிக் கழுவினார். ஒரு கரண்டி மண்ணும் ஒரு செத்த பூச்சியும் கிடைத்தன. இதுதான் காரணம் என்று பூச்சியைக் காகிதத்தில் வைத்து என்னிடம் காட்டினார். குற்றவாளியைப் பிடித்த மாதிரி முகம்.

பத்து நிமிஷம் வந்தது. பாத்திரம் பாதி கழுவியபோது மறுபடி நூல், சொட்டு, டுர்ர்ர்.

காபி கேட்டார். அரைக் கரண்டி சர்க்கரையோடு கொடுத்தேன். எப்போதும் அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் சொத்தைப் பல் பார்த்தவள் கையால் அதற்குமேல் கிடைக்காது.

மார்ச் 11, செவ்வாய்

துறையில் எல்லாப் படகுக்கும் ஒரே பம்ப் மெக்கானிக்தான். எப்போது போன் செய்தாலும் "அரை மணியில வரேன்" என்பார், இரண்டு நாள் கழித்து வருவார். அதனால் துறையே அவரை அரைமணி என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை மணியில் வருவதாகச் சொன்னவர் இன்று வந்தார்.

நேரே மேல்தளத்துக்குப் போனார். மூடியைத் திறந்தார். டார்ச் அடித்துத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கீழே வந்து குழாயைத் திறந்தார்.

கொட்டுகிறது. அருவி மாதிரி கொட்டுகிறது. கால் மணி நேரம் திறந்து வைத்தார், ஒரு திணறல் இல்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பொழுது போகாத கிழடுகள் என்று நினைத்திருப்பார். எனக்கு அசடு வழிந்தது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டரைப் பார்த்ததும் சிரிக்குமே குழந்தை, அந்தக் கதை.

மூடியைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டார் மனுஷர். தூசி தும்பு விழாதா? நான்தான் மேலே ஏறி இறுக்கிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

டுர்ர்ர்.

மார்ச் 13, வியாழன்

அரைமணி இன்று அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கு வந்தார். மூடி திறந்தார், எட்டிப் பார்த்தார், குழாயைத் திருகினார். கொட்டியது.

"அக்கா, என்னப் பாத்தா தண்ணிக்குப் பயம்" என்றார். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவர் போட்டோவை எடுத்துக் குழாய்க்கு மேலே மாட்டலாமா என்று இவர் கேட்டார். முறைத்தேன்.

எதற்கும் பம்பையே மாற்றிவிடலாம், பழசுதானே என்று முடிவாயிற்று. போகும்போது மறுபடி மூடியை மறந்துவிட்டுப் போனார். அடுத்த தடவை மூடியைக் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் தொங்கவிடப் போகிறேன்.

மார்ச் 15, சனி

புதுப் பம்ப் வந்தது. இரண்டு பேருமாக மாட்டினார்கள். சத்தம் பாதி. தண்ணீர் ஜோராக வந்தது. துணி துவைத்தேன், தரை துடைத்தேன், குளித்தேன், ஆசை தீர இன்னொரு தடவை முகம் கழுவினேன். உருண்டையைக் குளிப்பாட்ட வாங்கி வைத்த மஞ்சள் தொட்டியை நிறைத்துப் பார்த்தேன். முழங்கை விட்டுச் சூடு பார்த்தேன். உள்ளே குழந்தையே இல்லை, சூடு பார்க்கிறேன்!

அரைமணி திறந்து போட்டிருந்த மேல் மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் இரண்டு வாளி. அப்புறம் நூல். சொட்டு. புதுப் பம்பும் ஓடுகிறது, என்ன, மரியாதையாக மெதுவாக ஓடுகிறது.

இன்னும் ஆறு நாள்.

மார்ச் 17, திங்கள்

மாப்பிள்ளை போன். தண்ணீர் கதையை மகள் சொல்லியிருப்பாள். தங்கமான பிள்ளை, அதுதான் பிரச்சினை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். "அத்தை, கஷ்டப்படாதீங்க. பால் பாட்டில் கழுவணும், துணி அலசணும், தண்ணி இல்லாம முடியாது. அம்மா வீட்லயே தங்கிட்டு நாங்க தினம் வந்து பாத்துட்டுப் போறோம்" என்றார். வியாழக்கிழமைக்குள் சொன்னால் போதுமாம், குழந்தை சாமான்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று.

அடுத்த பத்தாவது நிமிஷம் சம்பந்தி அம்மா போன். தங்கள் வீட்டில் ஒரு அறையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டார்களாம். "படகுல பாவம், உங்களுக்கே வசதி பத்தாது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போக நான் என்ன மியூசியமா? ராத்திரி எழுந்து அழுதா நான் தூக்கணும். எனக்கு அதுதான் வேணும். வேற ஒண்ணுமே வேண்டாம்.

மார்ச் 19, புதன்

இன்று நான் பேசியது தப்பு. எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க.

இவர் காலையிலிருந்து குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கிற கிளிப்பை இறுக்கிக்கொண்டிருந்தார். எங்கேயோ காற்று புகுந்து பம்ப் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுகிறது என்று அரைமணி போனில் சொல்லியிருக்கிறார். மூன்று மணி நேரம் மண்டியிட்டுக் குனிந்து இறுக்கினார். பத்து நிமிஷம்கூட வரவில்லை. நான் கொட்டிவிட்டேன். வீடு வாசலை வாடகைக்கு விட்டுவிட்டு இந்த டப்பாவுக்குள் வந்து உட்காரலாம் என்றது நீங்கள்தான், என் பேத்தியை என்னிடம் வரவிடாமல் செய்ததும் நீங்கள்தான், எதைத் தொட்டாலும் உருப்படியாக முடிப்பதில்லை என்று. கண் ஆபரேஷனைக்கூட விடவில்லை. அந்த வாரம் பார்த்துத்தான் உங்களுக்குக் கண் கெட வேண்டுமா என்று கேட்டேன். எந்த மனுஷி கேட்பாள் அப்படி?

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நாளைக்குப் புது ஹோஸ் வாங்கி முழுசா மாத்திடறேன். அதுக்கும் வரலன்னா போட்டை வித்துடலாம்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு இவர் ஹோஸ் வாங்கப் போனார். ஒன்பதரைக்கு மகள் போன். பின்னால் உருண்டை கத்து கத்தென்று கத்துகிறாள். என்னடி என்றேன். புதுப் பால் பாட்டில் வாங்கியிருக்கிறாளாம். "நாலு வாய் குடிக்கிறாம்மா, அப்புறம் நிப்பிள் ஒட்டிக்குது, பால் வரல, கத்தறா. மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணா புஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. மறுபடி நல்லா குடிக்கிறா. மறுபடி ஒட்டிக்குது" என்றாள். காற்று போவதற்காக நிப்பிளில் இருக்கிற குட்டித் துளை அடைத்திருக்கும், ஊசியால் குத்திவிடு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள் —

"இப்ப சொன்னியே, மறுபடி சொல்லு."

"எதைம்மா?"

"மூடியைத் திறந்தா வருது. மூடினா நிக்குது."

போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். நூலாகி, சொட்டாகி, நின்றது. மேலே ஓடினேன். தொட்டி மூடியில் சாவியைப் போட்டுத் திருகினேன். புஸ்ஸ்ஸ் என்று இவ்வளவு பெரிய பெருமூச்சு. கீழே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மேல்தளம் வரைக்கும் கேட்டது.

அப்படியானால் அரைமணி வந்தால் மட்டும் வந்தது ஏன்? அவர் மூடியைத் திறப்பார். போனபிறகு நான் மூடுவேன். நான்தான், ஒவ்வொரு தடவையும், பலத்தையெல்லாம் காட்டி.

தண்ணீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூடி திறந்தேவா இருக்கும்? வேறு வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும். கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டியின் தலையிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் கிளம்பித் துணி அலமாரிக்குப் பின்னால் போகிறது. போர்வை, கம்பளி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். குழாய் படகின் பக்கவாட்டுச் சுவரில் போய் முட்டி நின்றது. வலது பக்கம். மேலிருந்து ஒரு முழம் கீழே.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஏழாவது. ஒன்பதில் ஏழாவது ஓட்டை. ஆணி ஓட்டை மாதிரி பிசிறாக இல்லாமல் வட்டமாக, சுத்தமாக இருக்கிறதே, அடைக்க எவ்வளவு வாகாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடைத்தேன். உள்ளே ஆழமாகப் போனது என்று இரண்டு முறை பட்டி வைத்தேன். என் ஒன்பதிலும் அதுதான் முதல் தரம்.

ரிட்டயர் ஆனபோது டாக்டர் ஞாபகத்துக்கு என்று கொடுத்த பல் சுரண்டுகிற கொக்கி டப்பாவில் இருந்தது. படகை ஒட்டிய நடைபாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, நீலப் பெயின்டுக்கு மேலே தடவித் தடவி இடம் கண்டுபிடித்துச் சுரண்டினேன். பக்கத்துப் படகுக்காரர் தன் நாயோடு நின்று வேடிக்கை பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் முழுக் கடைவாய்ப்பல் போல ஒரே கட்டியாக வந்து விழுந்தது. ஓரத்தை மழமழவென்று தேய்த்தேன். அந்தப் பழக்கம் போகாது.

மேல் மூடியை இறுக்கிவிட்டுக் குழாயைத் திறந்தேன். இருபது நிமிஷம் கடிகாரம் பார்த்தேன். நிற்கவேயில்லை.

அப்போது இவர் தோளில் புது ஹோஸ் சுருளோடு வந்தார். முகம் நேற்றைப் போலவேதான் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. இந்த முகத்தைப் பார்த்து, நேற்று நான் சொன்னது அத்தனையும் என் தலையில்தான் விழ வேண்டும் என்று எப்படிச் சொல்வது? குழாயை மூடினேன். வாயையும் மூடினேன். அவர் கட்டிலைத் தூக்கிப் பழைய ஹோஸைப் பிடுங்கிப் புதுசை மாட்டினார். இரண்டு மணி நேரம். நான் டார்ச் பிடித்தேன். வாழ்க்கையில் இவ்வளவு அமைதியாக நான் டார்ச் பிடித்ததில்லை.

குழாயைத் திறந்தார். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம், பத்து, பதினைந்து. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, நம்பிக்கை இல்லாமல்.

"ஹோஸ்தான் போல" என்றார்.

"நீங்க பண்ணதுதான்" என்றேன்.

பொய்தான். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பு மட்டும் தனியாகக் கேட்டேன், அது பொய் இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சாமான்களை இங்கேயே அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 22, சனி

தூக்கிவிட்டேன். கனம். போனில் தெரிந்தது போல எல்லாக் குழந்தை மாதிரியும் இல்லை. இவள் மாதிரி இவள்தான் இருக்கிறாள்.

மஞ்சள் தொட்டியில் குளித்தாள். தண்ணீர் நிற்காமல் வந்தது.

மார்ச் 24, திங்கள்

ராத்திரி இரண்டு முறை அழுதாள், இரண்டு முறையும் நானே. மகள் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும்.

சம்பந்தி அம்மா பார்க்க வந்தார். கை கழுவினார், குழாயை ஒருமுறை மூடித் திறந்தார், "வேகமாத்தான் வருது" என்றார். எனக்கு அது போதும். அவர் மடியிலும் உருண்டை ஈரம் பண்ணினாள், பாரபட்சம் இல்லை. இவர் ஹோஸ் மாற்றிய கதையை அவருக்கும் சொன்னார். நான் கேட்பது நாலாவது தடவை. சொல்லும்போதெல்லாம் ஏனோ என்னை ஒரு பார்வை பார்க்கிறார். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, புதன்

பெயர் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைதான் விளையாட்டாக ஆரம்பித்தார். 'உருண்டை'. படகுக்கு இப்படி ஒரு பெயரா என்று நான்தான் முதலில் கேட்டேன், நான்தான் கடைசியில் சரி என்றேன். இவர் விடிந்ததும் பிரஷ், பெயின்ட் டப்பாவோடு பலகையைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் யாரும் வரக் கூடாதாம்.

பன்னிரண்டு மணிக்கு உருண்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாலத்தில் போய்ப் பார்த்தேன். வெள்ளை எழுத்து, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. நாலு எழுத்தும் அவள் கன்னம் மாதிரியே இருந்தன. அவர் பிரஷைக் கழுவப் போயிருந்தார்.

திரும்பும்போதுதான் பக்கவாட்டைப் பார்த்தேன். அந்த ஓட்டைக்கு மேலே தகரத்தை வளைத்துச் சின்னதாக ஒரு கூரை மாட்டியிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே போகாது, காற்று மட்டும் போகும். கூரைக்குக் கீழே பூச்சி மருந்துச் சீட்டில் இருக்குமே, அவ்வளவு பொடி எழுத்து, ஆனால் போர்டு எழுதுகிற அதே சுத்தம். குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தேன்.

'இது சொத்தை அல்ல.'

நான் சிரித்த சிரிப்பில் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். எப்போதிலிருந்து தெரியும்? தன் கையால் அடித்த பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குத் தெரியாமலா போகும்? அப்படியானால் நாலு தடவை அந்தக் கதையை —

உள்ளே வந்தேன். அவர் பிரஷைத் துடைத்தபடி, "எழுத்து எப்படி?" என்றார். நல்லா இருக்கு என்றேன். காபி போட்டேன். அவருடையதில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.